பி-17 மாடல் என்று 180 டாலரைப் பிடுங்கிக்கொண்டார்கள், நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கணினியில் பயன்படுத்தும் முப்பரிமாண மாடல்கள் விற்கும் ஒரு தளத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-17ஜியின் மாடலை 180 டாலர் கொடுத்து வாங்கினேன். வந்தது பி-17ஜியே இல்லை.

ஜி வகைக்கு அடையாளமே மூக்குக்கு அடியில் இருக்கும் இரட்டைத் துப்பாக்கி டரட், அதாவது சுழலும் துப்பாக்கிக் கூண்டுதான். 1943ல் ஜெர்மன் போர் விமானங்கள் நேர் எதிரே பாய்ந்து வந்து தாக்கியதால்தான் அதைச் சேர்த்தார்கள். விற்பனைப் பக்கத்துப் படங்களில் அது பளிச்சென்று இருந்தது. ரிவெட்டுகள் தனித்தனியாகத் தெரிந்தன. ரைட் சைக்ளோன் எஞ்சினின் ஒன்பது சிலிண்டர்களையும் எண்ணலாம். குண்டு அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே குண்டு மாட்டும் சட்டங்கள், நடுவே குறுகிய நடைபாதை. என் அனிமேஷனுக்கு வேண்டியதே அந்த உட்புறம்தான்.

அப்போதும் உடனே பணம் கட்டவில்லை. "கதவு, புரொப்பெல்லர், வயிற்று டரட் எல்லாம் தனிப் பாகங்களா, அசையுமா?" என்று விற்பவரிடம் கேட்டேன். சட்டென்று பதில் வந்தது: "எல்லாமே தனி, ரிக் செய்தே தருகிறோம், கவலையே படாதீர்கள்." ரிக் என்றால் பாகங்களை அசைப்பதற்கான இணைப்புகளை மாடலில் பொருத்துவது. கூடவே ஒரு வயர்ஃபிரேம் படம், அதாவது மாடலின் கட்டமைப்பைக் கோடுகளாகவே காட்டும் படம். கோடுகள் அவ்வளவு சுத்தம்! உழைத்துச் செய்த ஆள் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நம்பினேன்.

வாங்கிய மாடல் கோப்பைத் திறந்தால் மூக்குக்குக் கீழே மொட்டையாக இருக்கிறது. ஜிக்கு முந்தைய எஃப் வகை உடலுக்கு ஜி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வயிற்று டரட் உடலோடு ஒட்டிய ஒரு புடைப்பு. குண்டு அறைக் கதவு வெறும் வரைந்த கோடு, உள்ளே ஒன்றுமே கிடையாது. சிலிண்டர்கள்? தட்டையான வட்டத்தில் ஒட்டிய படம். மேற்பரப்புக்கு நிறமும் தோற்றமும் தரும் டெக்ஸ்சர் கோப்புகளில் பாதி காணோம். இதற்கு 180 டாலர்!

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் விற்பவர் "உங்கள் மென்பொருளைப் புதுப்பியுங்கள்" என்றார். புதுப்பித்தேன், டரட் முளைக்கவில்லை. அடுத்து "படங்கள் மாதிரிக்கு மட்டும்" என்றார். அதன் பிறகு பதிலே இல்லை. தளத்திடம் போனால், பதிவிறக்கிய கோப்புக்குப் பணம் திருப்பித் தர மாட்டார்களாம். பதிவிறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்கும் அதே வரியை ஒட்டி அனுப்பிப் புகாரை மூடிவிட்டார்கள். 180 டாலர் போனது போனதுதான் என்கிறார்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. திரையிலேயே சுழற்றிப் பார்க்க முடியாத மாடலை வாங்காதீர்கள். வயர்ஃபிரேம் படத்தை நம்பாதீர்கள், அது வேறு மாடலுடையதாக இருக்கலாம். திருப்பித் தரும் விதியை முதலில் படியுங்கள். விற்பவர் சொன்னதையும் பக்கத்தில் இருந்த படங்களையும் உடனே சேமித்து வையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் புகார் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் இன்னும் அதே படங்களைப் போட்டு விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.