சங்க மண்டபத்தை மாற்றிக் கொடுக்க யார் கையெழுத்துச் செல்லும்?

கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உங்கள் சங்கத்துக்குச் சொந்த மண்டபம் இருந்தால், முதலில் அதன் கிராண்டை (நிலப்பட்டாவை) எடுத்துப் பாருங்கள். நாளைக்கு அதை விற்கவோ வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவோ வேண்டியிருந்தால், நில உரிமையை மாற்றும் 14ஏ பாரத்தில் யார் கையெழுத்துப் போடலாம் என்பது அதிலுள்ள பெயரைப் பொறுத்தது.

முதல் வழி, நிலத்தை அறங்காவலர்கள் பெயரில் வைப்பது. பழைய சங்கங்கள் பலவற்றின் கிராண்டில் மூன்று அறங்காவலர்களின் பெயர் இருக்கும். சங்கப் பதிவிலாகாவின் மாதிரிச் சட்டவிதியும் மூவரை நியமிக்கச் சொல்கிறது. பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் சொத்தை விற்கவோ மாற்றவோ கூடாது என்றும் கட்டுப்படுத்துகிறது. விதியில் குறை இல்லை. ஆனால் இந்தப் பொறுப்பை நாம் வயதில் மூத்தவர்களுக்கே கொடுக்கிறோம், அப்புறம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. மூவரும் காலமாகிவிட்டால் 1949ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டத்தின்படி உயர்நீதிமன்றம் போய், புதியவர்களை நியமிக்கவும் நிலத்தை அவர்கள் பெயருக்குக் கொண்டுவரவும் ஆணை வாங்க வேண்டி வரலாம். சின்னச் சங்கத்தின் சேமிப்பு வக்கீல் செலவிலேயே கரைந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பெயர்களோடு ‘பெமேகாங் அமானா’ (அறங்காவலர்) என்று பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் அந்த நிலம் பார்வைக்கு அவர்களின் சொந்தச் சொத்து. பிள்ளைகள் வாரிசுரிமை கேட்டு வந்தால், அது சங்கத்துடையது என்று நிரூபிக்கும் சுமை சங்கத்தின் தலையில்தான் விழும்.

இரண்டாவது வழி, நிலத்தைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவது. 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. அப்போதைய பொறுப்பாளர்கள் மூவர் கையெழுத்திட வேண்டும். அவர்கள்தான் பொறுப்பாளர்கள் என்று சங்கப் பதிவதிகாரி சான்றிதழ் தர வேண்டும். சங்க முத்திரையும் வேண்டும். இந்தச் சான்றிதழ்தான் பெரிய பாதுகாப்பு என்பேன். செயலவை இரண்டு அணியாகப் பிரிந்து, ஒரு அணி ராத்திரியோடு ராத்திரியாக மண்டபத்தைக் கைமாற்ற நினைத்தாலும், சான்றிதழ் இல்லாமல் அது நடக்காது. ஆனால் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்பாத சங்கத்துக்கு அந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? பதிவே ரத்தானால் 17ஆம் பிரிவின்படி சங்கச் சொத்து திவால் துறைத் தலைமை இயக்குநரின் கைக்குப் போய்விடும்.

மூன்றாவது வழி, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறங்காவலர்களை ஒரே சட்ட அமைப்பாகப் பதிவது. சமய, கல்வி, சமூக, அறப்பணி அமைப்புகள் பிரதமர் துறையின் சட்ட விவகாரப் பிரிவு வழியாக விண்ணப்பிக்கலாம். ஆள் மாறினாலும் கிராண்டில் பெயர் மாறாது. கோயிலுக்கும் கல்வி நிதிக்கும் இது நன்றாகப் பொருந்தும். சான்றிதழிலேயே நிபந்தனைகள் இருக்கக்கூடும் என்பதால், விற்கும் முன் அதை வரி விடாமல் படிக்க வேண்டும்.

பினாங்கில் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த இந்து அறப்பணி வாரியமும் இருக்கிறது. அங்கே ஒப்படைத்தால் பாதுகாப்பு உண்டு, ஆனால் முடிவெடுக்கும் உரிமை உங்கள் செயலவையிடம் இருக்காது.

எந்தப் பெயரில் இருந்தாலும் கிராண்டில் ‘செகாத்தான் கெபெந்திங்கான்’ (உரிமைக் கட்டுப்பாடு) என்ற பகுதியையும் பாருங்கள். அரசின் அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், எத்தனை தீர்மானம் போட்டாலும் அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

ஆண்டுதோறும் கூட்டம் நடத்தி, கணக்கு அனுப்பும் சங்கத்துக்கு இரண்டாவது வழியே போதும், அதுதான் என் பரிந்துரை. கிராண்டில் இன்னும் மூவர் பெயர் இருக்கிறதா? சரி, அவர்களில் ஒருவராவது கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள். காலியிடங்களை நிரப்பி, சங்கத்தின் பெயருக்கு மாற்றத் தீர்மானம் போட்டு, ஒரு வக்கீலை அழைத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.