பில்லில் மட்டும் மாறிய ஏசி ஃபில்டர்

காரை வருடாந்திர சர்வீஸுக்கு விடுபவர்கள், பில்லில் ‘ஏசி ஃபில்டர்’ (காருக்குள் வரும் காற்றிலுள்ள தூசியை வடிகட்டும் பாகம்) என்ற வரியைக் கண்டால், பணம் கட்டுவதற்கு முன் அந்த ஃபில்டரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கோயம்புத்தூரில் உள்ள ஓர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள், மாற்றாத ஃபில்டருக்கும் செய்யாத சுத்திகரிப்புக்கும் என்னிடம் பணம் வாங்கியிருக்கிறது.

கடைசி சர்வீஸ் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. ஏசியைப் போட்டதும் காயாத துணியின் வாடை வரத் தொடங்கியது. புளோயரை முழு வேகத்தில் வைத்தாலும் காற்று முனகிக்கொண்டுதான் வந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஏசிக்குக் குளிரூட்டும் கேஸ் நிரப்பச் சொன்னார்கள். கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதான் குறையும், காற்றின் வேகம் குறையாது. காற்றே சரியாக வரவில்லை என்றால் அது வரும் வழியில் எங்கோ அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வழியில் முதலில் இருப்பது ஃபில்டர்தான் என்பதால், அதை வீட்டிலேயே கழற்றிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்து, காரின் கையேட்டைத் திறந்தேன்.

இன்று நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் இந்த ஃபில்டர் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. என் காரிலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் பொருள்களை எடுத்துவிட்டு, பெட்டியின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது முழுவதுமாகக் கீழே இறங்கிவிடுகிறது. பின்னால் தெரியும் நீள்சதுர மூடியின் இரண்டு கிளிப்புகளை விடுவித்தால் ஃபில்டரின் விளிம்பு கைக்கு வந்துவிடும். ஸ்பேனரோ ஸ்க்ரூடிரைவரோ தேவைப்படவில்லை. மூடியின் மேல் விரல் பட்ட தடமே இல்லாமல் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஃபில்டரை மெதுவாக இழுத்தபோது, அதன் மடிப்புகளுக்கிடையே காய்ந்த வேப்பிலைகளும் ஒரு பூச்சியின் இறக்கைகளும் சிக்கியிருந்தன. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய தாள் முழுவதும் பழுப்பேறியிருந்தது.

அழுக்கை மட்டும் வைத்து நான் குற்றம் சாட்டவில்லை, ஏனெனில் புழுதி நிறைந்த சாலைகளில் நல்ல ஃபில்டரும் சில மாதங்களில் கறுத்துவிடக்கூடும். ஃபில்டர் சட்டத்தின் ஓரத்தில் அது தயாரான மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தன. அந்தத் தேதி, என் கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மாதத்துக்கும் முந்தையது. அதாவது, காருடன் பிறந்த ஃபில்டர் அதே இடத்தில் அசையாமல் இருக்க, இரண்டு பில்களிலும் புதிய ஃபில்டருக்கு விலையும், அதைப் பொருத்துவதற்கு லேபர் சார்ஜும், இரண்டுக்கும் ஜிஎஸ்டியும் போடப்பட்டிருக்கின்றன.

இதைவிடப் பெரிய தொகை ‘எவாப்பரேட்டர் கிளீனிங்’, அதாவது காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலின் சுத்திகரிப்பு என்ற வரியில் இருந்தது. என் காரில் அந்தக் காயிலின் மேல் நுரை மருந்தை அடிப்பதற்கு ஃபில்டரைக் கழற்றி அந்தத் திறப்பின் வழியாகத்தான் அடிப்போம் என்று சர்வீஸ் அட்வைசரே முன்பு விளக்கியிருந்தார். மூடியையே தொடாதவர்கள் நுரையை எந்த வழியாக அடித்தார்கள் என்று அவரிடமே நேரில் சென்று கேட்டேன்.

“சார், மெக்கானிக் மறந்திருப்பார் சார். பழைய ஃபில்டரை எல்லாம் அன்னைக்கே டிஸ்போஸ் பண்ணிடுவோம்” என்றார். டிஸ்போஸ் செய்ததாகச் சொன்ன அந்த ஃபில்டர் அப்போது என் கையிலிருந்த பையில்தான் இருந்தது. அதை மேசையின் மேல் வைத்ததும் அவருடைய பேச்சு வாரண்டியின் பக்கம் திரும்பியது: நீங்களே கழற்றினால் வாரண்டி போய்விடுமாம். கார் நிறுவனமே கையேட்டில் படம் போட்டுக் கழற்றும் முறையை விளக்கியிருக்கும்போது, அப்படிக் கழற்றுவது எப்படி வாரண்டியைக் கெடுக்கும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இலவசமாக வாட்டர் வாஷ் செய்து தருவதாக மட்டும் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏமாற்றுவதற்கு இது வசதியான பாகம். வண்டியோட்டியின் கண்ணில் படாது, மாற்றாவிட்டாலும் வண்டி நிற்காது, புகை வராது. கார்பன் பூசிய ஃபில்டர் புதிதாக இருக்கும்போதே கருஞ்சாம்பல் நிறத்தில்தான் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாததால், அதை வெள்ளை ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்து ‘எவ்வளவு அழுக்கு பாருங்கள்’ என்று காட்டினாலும் நம்பிவிட வாய்ப்புண்டு. வேறொரு காரின் அழுக்கு ஃபில்டரைக் கொண்டுவந்து காட்டினாலும் இப்படித்தான். ஆகவே, சர்வீஸுக்கு விடும் முன் ஃபில்டரின் சட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு குறியிட்டு, காரின் நம்பர் பிளேட்டுடன் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; கழற்றிய பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் தாளில்) எழுதச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திடுங்கள்.

அதைவிடச் சுலபம் நீங்களே மாற்றிவிடுவது. நான் உதிரிபாகக் கடையில் வாங்கிய ஃபில்டரின் விலை, பில்லில் போட்டிருந்ததில் பாதிகூட இல்லை. வாங்கும்போது மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் சொல்ல வேண்டும். அளவில் சிறிது குறைந்தாலும் ஓரங்களின் வழியே தூசி உள்ளே போய்விடும். சட்டத்தில் உள்ள அம்புக்குறி காற்று செல்லும் திசையைக் காட்டுகிறது. பழையது எந்தத் திசையில் இருந்தது என்பதைக் கழற்றும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். புதியதைப் பொருத்துவதற்கு முன் உள்ளே விழுந்த இலைகளையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை புளோயரில் சிக்கிச் சடசடக்கும். சில சிறிய கார்களில் ஃபில்டருக்கான இடம் மட்டும் இருக்கும், உள்ளே ஃபில்டர் இருக்காது. பழைய கார் வாங்கியவர்கள் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு பில்களையும் தேதி தெரியும் ஃபில்டரின் படங்களையும் இணைத்து சர்வீஸ் மேலாளருக்கும் கார் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் புகாரைப் பதிவு செய்தேன். அதன் பிறகே, இரண்டாவது பில்லில் ஃபில்டருக்கும் கிளீனிங்குக்கும் வாங்கிய தொகை என் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. முதல் பில் மிகவும் பழையது, அதைச் சரிபார்க்க இயலாது என்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. அந்தக் கெடு முடியவில்லை என்பதால் மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். பழைய ஃபில்டரையும் சாட்சியாகப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.