ஃபைப்ரோமயால்ஜியா வலிக்கு டிரை நீட்லிங்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

கழுத்துப் பிடிப்பு, தோள் இறுக்கம் என்று வருபவர்களுக்கு, இறுகிய தசையில் ஊசி குத்தித் தளர்த்தும் டிரை நீட்லிங் நன்றாகவே வேலை செய்கிறது. உடம்பு முழுக்க நீண்டகாலம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அதே நம்பிக்கையோடு போனால் ஏமாற்றம்தான்.

ஊசியில் மருந்து கிடையாது, உள்ளே துளையும் கிடையாது. அக்குபங்சர் ஊசி ரகம்தான்: தடிமன் 0.25 அல்லது 0.30 மி.மீ., நீளம் இடத்தைப் பொறுத்து 25 முதல் 60 மி.மீ. வரை. தசையில் முடிச்சாக இறுகிய டிரிகர் பாயின்ட்டை பிசியோதெரபிஸ்ட் விரலால் தடவிக் கண்டுபிடித்து ஊசியை இறக்குவார். சரியாகப் பட்டால் தசை ஒரு கணம் வெட்டித் துடிக்கும்.

ஃபைப்ரோமயால்ஜியாவில் முக்கியச் சிக்கல் தசையில் இல்லை. நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டுகிறது. இந்த நோயைக் கண்டறிய 1990-ல் வந்த அளவுகோலில் உள்ள 18 புள்ளிகள் அழுத்தினால் வலிக்கும் இடங்கள், அவ்வளவுதான், முடிச்சுகள் அல்ல. பதினெட்டிலும் குத்துகிறேன் என்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை என்று அர்த்தம். ஆனால் பலருக்குத் தோளிலும் பிட்டத்திலும் நிஜ முடிச்சுகளும் கூடவே இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் மொத்த வலியும் கொஞ்ச நாளைக்கு இறங்கலாம். ஊசிக்கு இங்கே வேலை அந்த அளவுக்குத்தான்.

பெரும்பாலும் கெடுவது அளவில். ஊசியை மேலும் கீழும் குத்தியெடுக்கும் முறையில் மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் அடங்கும் வலி, ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு உடம்பு முழுக்கக் கிளம்பி நாள்கணக்கில் படுக்கவைத்துவிடும். முதல் தடவை இரண்டு மூன்று இடம் போதும். பிரிட்டிஷ் மருத்துவர் பீட்டர் பால்ட்ரியின் மேலோட்டமான முறை இவர்களுக்கு ஏற்றது: முடிச்சுக்கு நேர் மேலே 5 முதல் 10 மி.மீ. ஆழம் மட்டும், சுமார் 30 விநாடி வைத்து எடுத்துவிட்டு, மறுபடி அழுத்திப் பார்ப்பது. வலி அப்படியே இருந்தால் இன்னும் சற்று நேரம். துடிப்பு வந்தே தீரவேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம் சிகிச்சைக்குப் போகாதீர்கள்.

தோள்மேல் தசைக்குக் கீழேயே நுரையீரலின் உச்சி. தசையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அங்கே ஊசி போடவேண்டும். அன்றோ அடுத்த ஓரிரு நாளிலோ மூச்சிழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போகவேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கர்ப்பம், மார்பக அறுவைக்குப் பின் கைவீக்கம் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள்.

ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2016-ல் திருத்திய பரிந்துரையில் உறுதியான ஆதரவு பெற்றது உடற்பயிற்சி ஒன்றுதான். அக்குபங்சருக்கே பலவீனமான ஆதரவு. ஆகவே ஊசியால் வலி இறங்கும் நாட்களில் பத்து நிமிட நடையைத் தொடங்கி, மெல்லக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நடையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் பத்து சிட்டிங் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள். நான்கு தடவைக்குள் தூக்கத்திலோ நடமாட்டத்திலோ மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம்.