பழைய ட்வீட்டுகளை அலசித் தரும் சேவை: மூன்று வாரம் பயன்படுத்திய பிறகு

அரசு சார்ந்த வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், அதனால் 2011இலிருந்து எழுதிய எல்லாவற்றையும் ஒருமுறை அலசிவிடலாம் என்று இந்தச் சேவைக்குப் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம், இதுபோல நிறைய இருக்கின்றன. எக்ஸ் தளத்திலிருந்து நம் பதிவுகள் மொத்தத்தையும் ஜிப் கோப்பாக இறக்கி அவர்களிடம் ஏற்றினால், வில்லங்கமானவற்றுக்குச் சிவப்பு அடையாளம் போட்டு, சொன்னால் மொத்தமாக அழித்தும் தருவார்கள்.

பயம் எனக்கு லைலா அலாவா விவகாரத்திலிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு வன்முறைத் தீவிரவாதத் தடுப்பு பற்றி ஆலோசனை சொல்லும் துணைக்குழுவில் இருந்த இளம்பெண். செப்டம்பர் 11 உலகத்தை 'ஃபார் குட்' மாற்றிவிட்டது என்று 2014இல் எழுதியதை 2016 ஜூனில் தோண்டி எடுத்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'நிரந்தரமாக' என்றும் பொருள், 'இனி பழையபடி ஆகாது' என்பதுதான் அவர் சொன்னது. 'நல்லதுக்குத்தான்' என்று சொன்னதாகப் பரப்பி, வசவு மழையாகக் கொட்டினார்கள். எல்லா வழக்கும் இப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே துறையின் ஆலோசனைக் கவுன்சிலில் இருந்த முகமது எலிபியாரி, கிலாஃபத், அதாவது கலீஃபா தலைமையிலான இஸ்லாமிய ஆட்சி, திரும்புவது தவிர்க்க முடியாதது என்று 2014இல் எழுதினார், அந்த ஆண்டே கவுன்சிலிலிருந்து வெளியேறினார். அந்தப் பொறுப்பில் இருப்பவரிடம் அதற்கு விளக்கம் கேட்டது நியாயம்தான்.

சரி, சேவைக்கு வருவோம். "தீபாவளிக்கு வெடி வாங்கியாச்சு" என்ற பதிவுக்குச் சிவப்பு. "சிரிச்சே செத்துட்டேன்" அதற்கும் சிவப்பு. ஆனால் 2013இல் ஒரு பெண்ணின் தோற்றத்தைப் பற்றி நான் எழுதிய கேவலமான வரி எந்த அடையாளமும் இல்லாமல் அப்படியே இருந்தது, ஏனென்றால் அதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. அதைப் படித்தபோது உண்மையிலேயே கூசியது, கையாலேயே அழித்தேன்.

மன்னிக்க முடியாதது வேறொன்று. 2016இல், சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக உடுமலை சங்கர் கொல்லப்பட்டபோது இரண்டு ட்வீட் தொடர்ந்து போட்டிருந்தேன். முதலாவது, "பெத்தவங்க மனசு எவ்வளவு வலிச்சிருக்கும், அதையும் பாருங்க" என்று ஊரில் ஒருவர் பேசியது, அவர் சொன்னபடியே. இரண்டாவது, "வலிச்சா கொலை பண்ணுவீங்களா?" என்ற என் பதில். மொத்தமாக அழி என்று நான் பட்டனை அழுத்தியதும் 'கொலை' என்ற சொல் இருந்த இரண்டாவது போய்விட்டது, முதலாவது மட்டும் என் பெயரில், என் கருத்து போலவே நிற்கிறது! அலாவாவுக்கு வேண்டாதவர்கள் செய்ததை, நான் காசு கொடுத்து எனக்கே செய்துகொண்ட மாதிரி இருந்தது. புகார் எழுதினேன், அழித்ததை மீட்க முடியாது என்று இரண்டே வரியில் பதில்.

சந்தாவை நிறுத்திவிட்டேன். அந்த ஜிப் கோப்பைக் கணினியில் திறந்தாலே நம் பதிவுகளில் தேடிக்கொள்ளலாம், இலவசம்தான். மொத்தத்தையும் படிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அழித்தது கொஞ்சம்தான். நாலைந்து இடத்தில், அன்று என்ன அர்த்தத்தில் எழுதினேன் என்று கீழேயே விளக்கம் போட்டிருக்கிறேன்.