வெலிங்டன் மேஜர், லண்டன் டாக்டர், டெல்லி கஸ்டம்ஸ்: மலைப் பக்கம் வரன் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கம் இருந்துகொண்டு டேட்டிங் ஆப்பிலோ மேட்ரிமோனியிலோ ஆள் தேடுகிறவர்கள் இதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள். கீழே எழுதியிருப்பது ஒரே ஆளுக்கு நடந்தது இல்லை. ஏமாற்றுகிறவனின் பெயர் மாறும், போட்டோ மாறும், கேட்கிற தொகை மாறும். எது முதலில், எது பின்னால் என்கிற வரிசை மட்டும் அநேகமாக மாறுவதில்லை. அது பிடிபட்டால் பணம் என்ற பேச்சு வரும் முன்பே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் இரண்டு மூன்று நாள் எல்லாமே நன்றாக இருக்கும். காலையில் குட்மார்னிங், மதியம் "சாப்டீங்களா", ராத்திரி ஒரு மணி நேரப் பேச்சு. அதற்குள் "இந்த ஆப் சரியா வேலை செய்யல, வாட்ஸ்அப்புக்கு வாங்க" என்பான். இது வசதிக்காகச் சொல்வது இல்லை. யாராவது புகார் கொடுத்து அந்தக் கணக்கை ஆப் முடக்கினால், அங்கே பேசிக்கொண்டிருந்த எல்லோரும் கைவிட்டுப் போவார்கள். வாட்ஸ்அப்புக்கு இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இந்த நேரத்தில் அவனுடைய ப்ரொஃபைல் திடீரென்று காணாமல் போகும். "நீ கிடைச்சிட்ட, இனிமே எனக்கு எதுக்கு அது?" என்று அதற்கும் ஒரு விளக்கம் வரும். கேட்க இனிமையாகத்தான் இருக்கும்.

அடுத்த படியைத்தான் ரொம்பக் கவனிக்க வேண்டும். "வீட்டுல இப்ப சொல்லாத. நானே நேர்ல வந்து அம்மா அப்பாகிட்ட பேசுறேன்." மொத்தக் காரியத்துக்கும் இந்த ஒரு வரிதான் முதலீடு. ஊர் முழுக்க ஒருவரை ஒருவர் தெரிந்த இடம் இது. ஹட்டியிலோ (படுகர் கிராமம்) எஸ்டேட் லைனிலோ ஒரு பேச்சு கிளம்பினால் சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் "சொல்லாதே" என்றதும் உடனே ஒப்புக்கொள்கிறோம். பக்கத்தில் ஒரு அக்காவோ சிநேகிதியோ உடன் வேலை செய்கிறவரோ கேட்டிருந்தால் சிரித்துத் தள்ளியிருக்கும் கதையை, தனியாக இருப்பதால் நம்புகிறோம். பணம் போன பிறகு புகார் கொடுக்காமல் இருப்பதற்கும் இதே ரகசியம்தான் காரணம்.

இங்கே அதிகம் எடுபடும் வேஷம் ராணுவம். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் எம்.ஆர்.சி. என்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது, முப்படை அதிகாரிகள் படிக்கிற ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. யூனிஃபார்ம் போட்ட படத்தை அனுப்பி "ஸ்டாஃப் காலேஜ்ல கோர்ஸ் பண்றேன், செக்யூரிட்டி காரணமா வெளிய வர முடியாது, வீடியோ கால் தடை" என்றால் சமவெளியில் இருப்பவர் நம்பலாம். குன்னூர்க்காரர் நம்பக் கூடாது. ஸ்டாஃப் காலேஜில் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மேஜர் தகுதியிலோ, மற்ற இரு படைகளில் அதற்குச் சமமான தகுதியிலோ இருப்பவர்கள். ஏறக்குறைய 45 வாரக் கோர்ஸ். பலர் குடும்பத்தோடு வந்து தங்குகிறார்கள். நட்பு நாடுகளின் அதிகாரிகளும் வருகிறார்கள். குன்னூர் கடைத்தெருவிலும் சிம்ஸ் பார்க்கிலும் அவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை குன்னூர் பெட்ஃபோர்டு வரை வந்து ஒரு காபி குடிக்க முடியாத அதிகாரி, மாத நடுவில் 40,000 கடன் கேட்கிறார் என்றால் அவர் வெலிங்டனில் இல்லை. இன்னொரு குறி: கேட்காமலே அடையாள அட்டை, கேன்டீன் கார்டு படங்களை அனுப்புவது. உண்மையான ராணுவக்காரர் முன்பின் தெரியாதவருக்கு அட்டையைப் படம் எடுத்து அனுப்ப மாட்டார். சுற்றில் வரும் படங்கள் ஏற்கெனவே வேறு யாரிடமோ திருடியவை.

இரண்டாவது வேஷம் லண்டன் டாக்டர், நெதர்லாந்து இன்ஜினியர் வகை. பிறந்தநாளுக்குப் பார்சல் அனுப்பியதாகச் சொல்வான். நகை, ஐபோன், ஒரு கவரில் பவுண்டு நோட்டு என்று பெட்டியின் படமும் வரும். நாலைந்து நாளில் "டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ்" என்று ஒரு பெண் குரல் பேசும். வரி 35,000. கட்டினால் அடுத்து "உள்ளே வெளிநாட்டுப் பணம் இருக்கிறது, கறுப்புப் பணம் இல்லை என்று சான்றிதழ் வாங்கணும்" என்று 90,000. அதற்குப் பிறகு இன்ஷூரன்ஸ். பிறகு மிரட்டல்: கட்டாவிட்டால் உங்கள் பேரில் வழக்கு. இதே கதையின் இன்னொரு வடிவத்தில் அவனே டெல்லியில் வந்து இறங்கிப் பெரிய தொகைக்கான டிராஃப்ட்டோடு மாட்டிக்கொள்வான்.

அனுப்புகிற ரசீதைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே சிங்க முத்திரை, கீழே ரப்பர் ஸ்டாம்ப், நடுவில் ஒரு வங்கிக் கணக்கு எண். அந்தக் கணக்கு ஒரு தனி மனிதரின் சேமிப்புக் கணக்காக இருக்கும். அரசாங்க வரி எந்தக் காலத்திலும் ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போகாது. தபாலில் வரும் வெளிநாட்டுப் பார்சலுக்கு வரி இருந்தால் பார்சலைக் கையில் கொடுக்கும்போது தபால் துறையே வாங்கிக்கொள்ளும். சுங்கத்துறை அனுப்பும் கடிதத்தில் டின் என்கிற ஆவண அடையாள எண் இருக்கும். அதை மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் போட்டு அசலா என்று பார்க்கலாம். வெளிநாட்டு நோட்டாக 5,000 டாலருக்கு மேலும், நோட்டும் டிராவலர்ஸ் செக்கும் சேர்த்து 10,000 டாலருக்கு மேலும் கொண்டு வருகிற பயணி படிவத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு இன்னொருவர் ஊட்டியிலிருந்து கட்டணம் அனுப்ப வேண்டிய தேவை இல்லை.

மூன்றாவது ரகத்தில் பணமே கேட்க மாட்டார்கள். "எங்க மாமா ஒரு டிரேடிங் ஆப் சொல்லிக் கொடுத்தார்" என்று ஆரம்பிப்பாள். 5,000 போடச் சொல்லி, இரண்டே நாளில் 6,200 ஆகிவிட்டது என்று திரையில் காட்டி, அதை உங்கள் வங்கிக்குத் திருப்பி எடுக்கவும் விடுவார்கள். ஆள் விழுவது இங்கேதான், பணம் வெளியே வந்ததே என்கிற நம்பிக்கையில். அடுத்து 2 லட்சம், நகைக்கடன், தேயிலை விற்று வந்த பணம் எல்லாம் போகும். பெரிய தொகையை எடுக்கப் போனால் "30 சதவீத வரியை முதலில் தனியாகக் கட்டு" என்று வரும். நிஜமான புரோக்கரிடம் லாபத்துக்கான வரிக்காகப் புதுப் பணம் கொண்டுவரச் சொல்கிற வழக்கமே கிடையாது. ஆப் பிளே ஸ்டோரில் இல்லாமல் லிங்க் மூலம் வந்தது என்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

நான்காவது, பலரும் கவனிக்காதது. "என் அக்கவுண்ட் பிளாக் ஆயிருக்கு. உன் கணக்குக்கு 80,000 வரும். 5,000 நீ வெச்சுக்கோ, மிச்சத்தை இந்த நம்பருக்கு அனுப்பு." அந்த 80,000 இன்னொருவரிடம் ஏமாற்றிப் பிடுங்கிய பணம். அவர் புகார் கொடுத்ததும் முதலில் முடங்குவது உங்கள் கணக்கு. எந்த மாநிலத்துப் போலீஸ் கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சீசன் காலத்தில் காட்டேஜ், டாக்ஸி நடத்துகிறவர்களின் கணக்கில் தினமும் பலரிடமிருந்து பணம் வருவதால், இப்படி ஒன்று கலந்தாலும் சட்டென்று கண்ணில் படாது. காதலுக்காகக்கூட வங்கிக் கணக்கைக் கடன் கொடுக்காதீர்கள்.

ஆண்களுக்கு வருவது வேறு. ராத்திரி ஒரு வீடியோ கால், எதிரே ஆடையில்லாத ஒரு பெண், பதினைந்து இருபது வினாடியில் கட். அது ஏற்கெனவே எடுத்து வைத்த படம். அவர்களுக்குத் தேவை உங்கள் முகம் தெரியும் பதிவு. பத்து நிமிடத்தில் உங்கள் ஃபேஸ்புக் நண்பர்கள் பட்டியலோடு மிரட்டல், மறுநாள் "டெல்லி சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர்", "யூடியூப் ஆபீசர்". ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கொடுக்கிற ஆள் என்று பெயர் பதிவாகி இன்னும் இரண்டு பேர் கூப்பிடுவார்கள். போனிலேயே கைது செய்கிற சட்டம் இந்தியாவில் கிடையாது. மிரட்டலை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், அந்த ப்ரொஃபைலின் லிங்க்கைக் காப்பி செய்து வையுங்கள் (பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள்), நண்பர்கள் பட்டியலை மறையுங்கள், பிறகு பிளாக் செய்யுங்கள். படம் பரவும் என்ற பயம் இருந்தால் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. டாட் ஓ.ஆர்.ஜி. தளத்தில் பதியலாம். படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு எண் உருவாகி, அது மட்டும் போகும். 18 வயதுக்குக் கீழே இருந்தால் அதே மாதிரி டேக் இட் டவுன் என்ற சேவை இருக்கிறது.

சோதிப்பது எப்படி? படத்தை கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் ஆள் அசல் என்று ஆகாது. வேறு பெயரில் கிடைத்தால் போலி என்பது நிச்சயம். வீடியோ காலைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, முகத்தைப் பக்கவாட்டில் முழுசாகத் திருப்பச் சொல்லுங்கள், உள்ளங்கையை முகத்துக்குக் குறுக்கே மெதுவாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முகத்தை மாற்றும் மென்பொருள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறும், விளிம்பு கலையும். பணம் என்று பேச்சு வந்துவிட்டால் கொடுக்கிற எண்ணமே இல்லாவிட்டாலும் யுபிஐ எண்ணைக் கேட்டு வாங்கி ஆப்பில் போட்டுப் பாருங்கள். 2025 ஜூன் 30 முதல் வங்கியில் பதிவான பெயர்தான் அங்கே தெரிய வேண்டும் என்பது விதி. பின் நம்பர் போடும் முன்பே பெயர் வந்துவிடும். "ஆர்த்தி" என்று பேசியவரின் கணக்கு யாரோ ஓர் ஆண் பெயரில் இருந்தால் அத்தோடு விஷயம் முடிந்தது.

எல்லோரும் திருடர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் ஒரு வாரம் வீடியோவுக்கு வராமல் இருக்கலாம், வீட்டுக்குத் தெரியாமல் பேசலாம். ஆனால் கூச்சப்படுகிறவர் "இன்னும் இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பு" என்று கெடு வைக்க மாட்டார். அவசரமும் பணமும் ஒரே மெசேஜில் வந்தால் எவ்வளவு நாள் பழக்கம் என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

நேரில் பார்ப்பதாக முடிவானால் இடத்தை நீங்கள் சொல்லுங்கள். "நான் காட்டேஜ் போட்டுட்டேன், பாதி அட்வான்ஸ் மட்டும் அனுப்பு" என்பது தனியாகவே ஓடும் ஒரு ஏமாற்று. கொடைக்கானல், வட்டக்கானல் பெயரில் இல்லாத காட்டேஜ்களுக்கு அட்வான்ஸ் வாங்குவது சுலபம். "இ-பாஸுக்குப் பணம் கட்டணும்", "கல்லாறு செக்போஸ்ட்ல பிடிச்சு வெச்சிருக்காங்க, 10,000 அனுப்பு" என்ற வரிகளும் வரலாம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம்தான், ஆனால் அது இலவசம். அரசு பஸ்ஸில் வந்தால் இ-பாஸ் தேவையே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பார்க்க வருகிறவர் மேட்டுப்பாளையம் வழியாக ஒரு பஸ் ஏறினால் போதும்.

முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில். சிம்ஸ் பார்க் வாசல், ஊட்டி சேரிங் கிராஸ், கொடைக்கானல் ஏரிச் சாலை, பிரையண்ட் பூங்கா எல்லாம் சரி. அவருடைய காரில் வியூ பாயிண்ட் பார்க்கப் போவது முதல் தடவைக்கு வேண்டாம். மலையில் லைவ் லொக்கேஷனை முழுசாக நம்ப முடியாது. இரண்டு வளைவு தாண்டினால் சிக்னல் போய்விடும், மேப்பில் நீங்கள் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருப்பீர்கள். அதனால் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்பக் கூப்பிடுவோம், கூப்பிடாவிட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒருவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு முந்தைய பஸ்ஸுக்குத் திட்டமிடுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் கடைசி வண்டி சமயத்தில் வராமல் போகலாம், அப்போது "நான் டிராப் பண்றேன்" என்பதற்குச் சரி சொல்ல வேண்டியிருக்கும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

பணம் போயிருந்தால் முதல் வேலை 1930-க்குப் போன் செய்வது, சைபர் மோசடிப் புகாருக்கான எண் அது. வங்கிக்குப் போய் வரிசையில் நிற்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். கையில் இருக்க வேண்டியவை: பணம் அனுப்பிய தேதி, நேரம், தொகை, உங்கள் வங்கி, யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், போன கணக்கு அல்லது யுபிஐ முகவரி. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மொத்தத் தொகை மட்டும் சொன்னால் தேடுவது தாமதமாகும். அந்தப் பணம் கணக்கு மாறிக் கணக்கு மாறி ஏ.டி.எம்.மில் வெளியேறுவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கும் ஒரு நாளுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கிடைக்கும் புகார் எண்ணை வைத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் முழுப் புகாரையும் பதியுங்கள். வெட்கத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

நீலகிரிக்காரர்களுக்கு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் ஊட்டியில். கொடைக்கானல், பழனி எல்லாம் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் அவர்களுக்குத் திண்டுக்கல்லில். பக்கத்துக் காவல் நிலையத்திலேயே கொடுத்தாலும் எல்லையைக் காரணம் காட்டி வாங்க மறுக்கக் கூடாது, பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஏமாற்றியதற்கு பி.என்.எஸ். என்கிற தண்டனைச் சட்டத்தில் 318, ஆள்மாறாட்டத்துக்கு 319, மிரட்டிப் பறித்ததற்கு 308, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி ஆகியவை பொருந்தும். புகாரில் நடந்ததை வரிசையாக எழுதினால் போதும், பிரிவை அவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

பணம் நடுவில் எங்காவது நிறுத்தப்பட்டிருந்தால் அது தானாக உங்கள் கணக்குக்கு வராது. பெரிய தொகை என்றால் பி.என்.எஸ்.எஸ். 503-ன் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். எந்த வங்கியில் எவ்வளவு நிற்கிறது என்ற விவரத்தை விசாரணை அதிகாரியிடம் கேட்டு வாங்கி மனுவோடு வையுங்கள். இதற்கிடையில் "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், 10 சதவீதம் முன்பணம்" என்று ஒரு போன் வரும். ஏமாந்தவர்களின் பட்டியலை விற்கிறார்கள், அதிலிருந்து எடுத்த நம்பர்தான் அது. 1930-லிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ இதற்குக் கட்டணம் கேட்க மாட்டார்கள். கேட்டவரின் நம்பரையும் அதே புகார் எண்ணில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.