ஹாதார்ன் ஒட்டுக்கன்று வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒட்டைப் பாருங்கள்

ஹாதார்ன் என்பது முள்ளுள்ள ஒரு சிறு பூமரம். சிவப்பு அடுக்குப்பூ பூக்கும் 'பால்ஸ் ஸ்கார்லெட்' வகை ஹாதார்ன் என்று சீட்டு கட்டி ஒரு நர்சரியில் எனக்கு விற்ற மரம், பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு வெள்ளையாகப் பூத்தது. அதுவும் ஐந்தே இதழுள்ள ஒற்றைப் பூ. வேலிக்கு நடுகிற சாதாரண ஹாதார்ன்!

விற்றவரிடம் கேட்டால், "உங்க மண்ணு அப்படி, உரம் போட்டா நிறம் வந்துடும்" என்கிறார். சுத்தப் பொய். சில ஹைட்ரேஞ்சா வகைகளில்தான் மண்ணைப் பொறுத்து பூவின் நிறம் மாறும். ஹாதார்னில் எந்த உரமும் வெள்ளை ஒற்றைப் பூவைச் சிவப்பு அடுக்காக்காது.

பால்ஸ் ஸ்கார்லெட்டை விதை போட்டு எடுக்க முடியாது, ஒட்டுக் கட்டித்தான் எடுக்க வேண்டும். அடியில் வேரோடு இருந்து ஒட்டைத் தாங்கும் வேர்ச்செடி பெரும்பாலும் சாதாரண ஹாதார்ன்தான். மேலே உள்ள ஒட்டு பட்டுப்போனாலும் வேர்ச்செடி சாகாது, அடியிலிருந்து தளிர்விட்டுச் செழிப்பாக ஓங்கிவிடும். எனக்கு வந்தது அதுதான். தூரில் மண்ணை விலக்கியபோது பட்டுப்போன ஒட்டின் கட்டை அப்படியே இருந்தது. மண்ணை மேலே குவித்து அதை மறைத்திருக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் கொத்துக்கொத்தாகக் காய்க்கவும் செய்தது. அடுக்குப்பூ வகை காய்ப்பதே அரிது. பழத்தைப் பிளந்தால் உள்ளே ஒரே கொட்டை, சாதாரண ஹாதார்னின் அடையாளம்.

பூக்கும்வரை குட்டு வெளிப்படாது என்ற தைரியத்தில்தான் இப்படி விற்கிறார்கள். ஆனால் இலை காட்டிக்கொடுத்துவிடும். பால்ஸ் ஸ்கார்லெட்டின் இலையில் பிளவுகள் மேலோட்டமாக, மழுங்கலாக இருக்கும். சாதாரண வகையில் நடுநரம்பை நோக்கி ஆழமாக வெட்டியது போல இருக்கும். அதனால் முதலில் கன்றை இலையோடு பார்த்து வாங்குங்கள். தூரிலிருந்து மண்ணைத் தள்ளி, ஒட்டுப் புடைப்பு (ஒட்டுக் கட்டிய இடத்தில் தண்டு தடித்திருப்பது) எங்கே, மேல்தண்டு அதற்கு மேலிருந்துதான் கிளம்புகிறதா என்று பாருங்கள். பார்க்க விடவில்லையென்றால் வாங்காதீர்கள். அப்படியே தொட்டியிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள். வேர் வட்டமாகச் சுற்றி இறுகிய கன்று, நட்டபின் மண்ணில் பரவத் திணறும்.

நல்ல ஒட்டே கிடைத்தாலும், ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை விட்டுவைக்காதீர்கள். இளசாக இருக்கும்போதே கிளம்பும் இடத்தோடு பிய்த்தெடுங்கள். வெறுமனே நறுக்கினால் திரும்பவும் முளைக்கும்.

என் பணமும் வரவில்லை, மாற்றுக் கன்றும் தரவில்லை. சீட்டில் இருந்த பெயர் ரசீதில் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். வகைப் பெயரையும் 'ஒட்டுக்கன்று' என்ற சொல்லையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.