ஹெட் கிளீனிங்கா, ஊற வைப்பதா?

டிடிஎஃப் பிரிண்டரில் (ஃபிலிமில் அச்சடித்துத் துணிக்கு மாற்றும் மெஷின்) பெரும்பாலும் முதலில் அடைப்பது வெள்ளை இங்க்தான். அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது. மெஷின் சும்மா நின்றால் அடியில் தங்கிவிடும். காலையில் நாசில் செக் (இங்க் வரும் நுண்துளைகளைச் சோதிக்கும் பிரிண்ட்) எடுத்தால் கோடுகள் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

உடனே கை போவது, இங்க்கைத் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் பட்டனுக்கு. சில நிமிட வேலை. புது அடைப்புக்கு அதுவே போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் பம்ப் இங்க்கை உறிஞ்சி வேஸ்ட் டேங்கில் கொட்டுகிறது. நானும் ஒருநாள் வெறியில் ஏழெட்டுத் தடவை அடித்தேன். கோடு திரும்பவில்லை, பாட்டில்தான் இறங்கியது. இப்போதெல்லாம் மூன்றோடு நிறுத்திவிடுகிறேன்.

ஊற வைப்பது பொறுமைக்காரர் வழி. முதலில் கேப்பின் (ஹெட் ஓய்வில் உட்காரும் மூடி) ரப்பர் ஓரத்துப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். அது இருந்தால் கேப் சரியாகப் பொருந்தாது, இரண்டு வழியுமே வீண். பிறகு கேப்பில் கிளீனிங் சொல்யூஷனை வழியாமல் சொட்டுச் சொட்டாக விட்டு, ஹெட்டை அதன்மேல் நிறுத்தி, இரவு முழுக்க விடவேண்டும். காய்ந்த இங்க் இளகும். மறுநாள் ஒரே ஒரு கிளீனிங்.

அவசர ஆர்டர் இருந்தால் எரிச்சல்தான். ஆனாலும் பழைய அடைப்புக்கு என் ஓட்டு இதற்கே. சிரிஞ்சால் அழுத்தித் தள்ளுவது மட்டும் வேண்டாம், ஹெட்டே போய்விடும்.